காகிதம் ஒட்டிய பக்கம்

டாலிவர், ஜார்ஜியா
1959 பிப்ரவரி 8, ஞாயிறு

அன்புத் தம்பி ராஸ்கோ,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் கடிதத்தை இரண்டாகப் பிரித்தேன். அப்பாவுக்குப் படித்துக்காட்டும் அஞ்சலகத் தாள் அவருடைய பைபிளுக்குள் போயிற்று. எனக்கு மட்டுமான டிராம்போன் தாளை இரண்டு முறை படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். ஆறு வருடமாக உன் ஒவ்வொரு கடிதத்துக்கும் இதே சடங்கு. இது முடிந்த பிறகுதான் எனக்குக் காபி.

இங்கே அப்பா, நான், அப்பாவின் இருமல் மூவரும் சுகம். அவர் கண்புரை அப்படியே இருக்கிறது. ஆளைத் தெரிகிறது, எழுத்துத் தெரிவதில்லை. நியூயார்க் குளிரில் உன் உதடு வெடிக்காமல் இருக்கிறதா? உன் பிழைப்பு அதில்தானே இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். அஞ்சலகத் தாளில் ஏன் ஆறே வரி? அந்த ஆறு வரியைக் கேட்கத்தான் சிஸ்டர் டென்னி மேப்ரி ஆராதனை முடிந்த கையோடு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நம் வீட்டுக்கு வந்து உட்கார்கிறார். சபை வரவேற்புக் குழுத் தலைவியை ஆறு வரியோடு அனுப்ப முடியுமா? நானே கொஞ்சம் சேர்த்துப் படித்தேன். இனி உனக்கு ஃபிட்ச் என்று ஒரு மேலதிகாரி இருக்கிறார். இடது காலில் வாதம். மழை வருவதை அந்தக் கால் முதல் நாளே சொல்லிவிடும். நினைவில் வைத்துக்கொள்.

அதைவிடப் பெரிய குற்றம் உன்னுடையது. 'சூப்பர்வைசர் ஆகிவிட்டேன்' என்று எதற்கு எழுதினாய்? நீ எட்டு மாதம் மட்டும் வேலை பார்த்து விட்டுவந்த அஞ்சலகத்தில் உனக்கு நீயே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டாய். காலையில் நான் படித்ததைக் கேட்ட அப்பா போய்ச் சொல்ல, பாஸ்டர் விங்ஃபீல்ட் இன்று அதைப் பீடத்திலிருந்து அறிவித்தார். சபையின் டீக்கன் என்ற மிடுக்கோடு அப்பா எழுந்து நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து கோழிக்காலைக் கடித்தபடி சொன்னார்:

"பாத்தியா டென்னி? அரசாங்க உத்தியோகம். நான் நாப்பது வருஷம் ஊரு தலையெல்லாம் செரைச்சேன், ஒரு பென்சன் உண்டா? அந்தக் குழல ஊதிட்டுத் திரிஞ்சிருந்தா என்ன ஆயிருப்பான்?"

"வாய் கோணியிருக்கும், டீக்கன்."

"அத மறுபடி தொட்டான்னு மட்டும் கேள்விப்பட்டேன், என் பேர அவன் பேர்லருந்து வெட்டிருவேன்."

நான் சோள ரொட்டியை எடுக்க அடுக்களைக்குள் போய்விட்டேன். பழுதான ரேடியோவைப் பார்க்க மூன்றாம் தெருக் கடைக்காரர் திரு. பர்விஸ் வந்திருந்தார். ஒரு வால்வு தளர்ந்திருந்ததாம்.

உன் அக்கா,
ஆல்மீடா


நியூயார்க்
1959 பிப்ரவரி 24

அன்பு அக்காவுக்கு,

உதடு நலம். வயிறு நலம். மனசாட்சி மட்டும் கொஞ்சம் சுகமில்லை.

ஃபிட்ச்சுக்கு நன்றி. அவருக்கு மனைவி உண்டா? அஞ்சலகத் தாளை இந்த முறை முப்பது வரிக்கு நீட்டியிருக்கிறேன். பனி, மூட்டை, முகவரி தப்பாய் எழுதிய ஒரு காதல் கடிதம். சிஸ்டர் மேப்ரிக்குப் பிடிக்கும்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி. எல்லிஸ் டுபோஸ் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஆமாம், அந்த டுபோஸ்தான். புதிதாக ஒரு இசைத்தட்டு. ஆட வைக்கும் அவருடைய வழக்கமான சோல் பாட்டுகள் இல்லை. அம்மா துணி தேய்க்கும்போது முணுமுணுத்த பழைய பாட்டுகள், வெள்ளைக்காரர் கறுப்பர் எல்லோருக்கும் மனப்பாடமானவை. அவற்றை அவர் தன் தொண்டையால் பாடப்போகிறார். ஒரு பக்கம் முழுக்கப் பெரிய வாத்தியக் குழு, ஊதுகுழல்களின் பட்டாளம். மறுபக்கம் முழுக்க வயலின்கள். எனக்கு இரண்டாம் டிராம்போன் நாற்காலி. அதில் ஒரு பாட்டில் எட்டுத் தாளக் கட்டம் நான் தனியாக ஊத வேண்டும். எட்டு, அக்கா. தெருவில் நடக்கும்போது கால் தரையில் இல்லை.

எரிக்கும் முன் அந்த எட்டுக் கட்ட வரியை இன்னொரு முறை படி.

தம்பி,
ராஸ்கோ


டாலிவர்
1959 மார்ச் 15, ஞாயிறு

அன்புத் தம்பி,

நலம். அப்பாவின் இருமல் குறைந்து பெருமை கூடியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து இல்லை.

எட்டுக் கட்ட வரியை மூன்று முறை படித்தேன். சந்தோஷத்தில் சோளக் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அப்பாவிடம் அடுப்பின் மேல் பழி போட்டேன்.

ஆனால் டுபோஸா? இங்கே அந்தப் பெயரைச் சொன்னால் சபையில் கைவிசிறிகள் அசையாமல் நின்றுவிடும். போன மாதம் பாஸ்டர் ஒரு பிரசங்கம் முழுவதையும் அவருக்கே ஒதுக்கினார். "நம்ம சபைப் பாட்டத் தூக்கிட்டுப் போயி, 'ஆண்டவரே'ங்கிற எடத்துல 'கண்ணே'ன்னு போட்டுட்டான். அவ்வளவுதான் அவன் செஞ்ச உழைப்பு!" என்றார். பின் வரிசையிலிருந்து யாரோ, "ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். பாஸ்டர் தண்ணீர் குடித்தார்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு ஆண்களின் ஆராதனை. அதில் நீ வந்து 'அரசுப் பணியில் நம் மக்கள்' என்று பேச வேண்டும் என்று அப்பா எல்லோரிடமும் ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்குள் உனக்குக் காய்ச்சல் வர வேண்டும். எந்தக் காய்ச்சல் என்று இப்போதே யோசித்து வை.

பொய் எழுதுவது உனக்கு எளிது. அதை அப்பாவின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து படிப்பவள் நான். வேறு யார் கையிலும் உன் கடிதத்தைக் கொடுக்க முடியாது என்பதால், போன ஈஸ்டருக்கு என் தோழி லெனோராவைப் பார்க்க அட்லாண்டா போவதாக இருந்ததைக்கூட விட்டுவிட்டேன். குறை சொல்லவில்லை. சொல்லி வைக்கிறேன்.

ரேடியோ மறுபடி நின்றுவிட்டது. திரு. பர்விஸ் இரண்டு முறை வந்தார். பொறுமைசாலி.

அக்கா,
ஆல்மீடா


நியூயார்க்
1959 மே 9

அன்பு அக்கா,

நான் நலம். நீ இதைப் படித்து முடித்த பிறகும் நலமாக இருக்க வேண்டும்.

ஒலிப்பதிவு முடிந்தது. என் எட்டுக் கட்டத்தை எழுதிக் கொடுக்கவில்லை. தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. தோன்றியதை ஊது என்றார்கள். முதல் முறை நன்றாக ஊதியதாகத்தான் நினைத்தேன். டுபோஸ் பாடுவதை நிறுத்திவிட்டு என் நாற்காலிக்கே வந்துவிட்டார்.

"அழகா இருக்குய்யா. யாருது அது?"

"என்னோடதுதான் சார்."

"பொய் சொல்லாத. நீ ரேடியோல கேட்டது. ரேடியோ வாங்குறதுக்கு முன்னாடி ஒங்க ஊர்ல யாரக் கேட்டு வளந்த?"

சொன்னேன்.

"அந்தாள ஊது."

இரண்டாம் முறை ஊதினேன். அடுத்த நாள் ஒத்திகைக்கு அன்றே வந்து சுவரோரம் காத்திருந்த வெள்ளைக்கார வயலின் கிழவர்கள் வில்லால் இசைத்தாங்கியைத் தட்டினார்கள். அவர்கள் ஊரில் அது கைதட்டலாம். என்ன ஊதினேன் என்று எழுத மாட்டேன். கேட்டால் உனக்கே தெரியும்.

இப்போது கெட்ட செய்தி. இந்தத் தட்டின் உறையில், பின்பக்கம், வாசித்தவர் எல்லோருடைய பெயரும் அச்சாகப் போகிறது. பட்டியலோடு ஒருவர் வந்தார். நான் தயாராகத்தான் இருந்தேன். உன் ஃபிட்ச்சின் பெயரையே கொடுத்துவிடலாம் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். அவர் "பேரு?" என்றார். என் வாய், 'ராஸ்கோ ஓசியா கெய்தர்' என்றது. எழுத்துக் கூட்டியும் சொன்னது.

மன்னித்துவிடு.

தம்பி


டாலிவர்
1959 மே 17

ராஸ்கோ,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை.

கெய்தர் என்று மட்டும் சொல்லியிருந்தால், ஊரில் பத்து கெய்தர்கள் இருக்கிறார்கள் என்று சமாளித்திருப்பேன். ஓசியாவையும் சேர்த்தாயா? வெட்டிவிடுவேன் என்று அவர் சொன்ன பெயரையா?

அப்பாவின் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அவருடைய பழைய சவரக்கடைக்கு வருகிற தலைகளுக்குத் தெரியும். இந்த ஊரில் நம்மவர்களுக்கு இசைத்தட்டு விற்பவர் திரு. பர்விஸ் ஒருவர்தான். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "வர்ற தட்டெல்லாம் மேசைக்கு அடியிலயே இருக்கும், மிஸ் ஆல்மீடா. யாராவது கேட்டா தீந்துபோச்சும்பேன்" என்றார். "பொய்யா சொல்வீங்க?" என்று கேட்டேன். "ஒங்களுக்காக ஒண்ணு" என்றார்.

ஆல்மீடா


நியூயார்க்
1959 ஜூலை 20

அன்பு அக்கா,

இரண்டு மாதம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவின் இருமல் எப்படி? உன் தலைவலி எப்படி? எனக்கு வெயிலில் பசி இல்லை, மற்றபடி சுகம்.

அஞ்சலகத் தாள் இணைத்திருக்கிறேன். ஃபிட்ச்சுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பருக்கு மஞ்சள் காமாலை என்று முடிவு செய்திருக்கிறேன். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது.

நீ பேசாத நாட்களில் உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். உன்னைப்போல நான் எரிப்பதில்லை. ஒரு சந்தேகம். போன வருடத்திலிருந்து நம் வீட்டு ரேடியோ பதினொரு முறை பழுதாகியிருக்கிறது. அதில் இருப்பதே ஐந்து வால்வு. இங்கே என் அறை ரேடியோ மாடியிலிருந்து ஒருமுறை விழுந்தது. இன்னும் பாடுகிறது. நம் ரேடியோவுக்கு என்ன நோய், அக்கா?

தம்பி,
ராஸ்கோ


டாலிவர்
1959 செப்டம்பர் 29

அன்புத் தம்பி,

அப்பா சுகம். என் தலைவலி போய்விட்டது. பள்ளி திறந்துவிட்டது. நான் நடத்தும் லத்தீன் வகுப்பில் இந்த ஆண்டு ஒன்பது பேர், அவர்களில் இருவர் விழித்திருக்கிறார்கள்.

உன் காமாலைக்காக ஞாயிறன்று சபையே ஜெபித்தது. சிஸ்டர் மேப்ரி உனக்குக் கீரை வேர்க் கஷாயம் அனுப்பப்போகிறார். குடித்துவிடாதே.

தட்டு வந்துவிட்டது. பதினைந்து பிரதிகளும் மேசைக்கு அடியில்தான் இருந்தன. ஆனால் நாம் நினைக்காத வழியில் ஒன்று ஊருக்குள் நுழைந்தது. சிஸ்டர் மேப்ரியின் தங்கை மகள் அட்லாண்டாவிலிருந்து கொண்டுவந்தாள். சிஸ்டர் மேப்ரி அதைக் கையால் தொடாமல் ஏப்ரன் துணியால் பிடித்துக்கொண்டு, கண்டனம் செய்வதற்காகவே ஒருமுறை கேட்டாராம். வயலின் பக்கத்தை. பிறகு இன்னொரு முறை கண்டனம் செய்தாராம். நான்காவது கண்டனத்தில் அழுதுவிட்டார்.

வரவேற்புக் குழுவின் ஆண்டுத் தேநீர் விருந்து அக்டோபர் 3, சனி. அதில் அந்தப் பக்கத்தைப் போடலாமா என்று சபைக் கூடத்தில் விவாதம். பாஸ்டர் தயங்கினார்.

"பாடுறவன் அவன்தானே, சிஸ்டர்?"

"பாஸ்டர், வயலின் நெஞ்சோட நின்னுரும். ஊதுகுழல்தான் இடுப்புக்கு எறங்கும்."

"அது எப்படி ஒங்களுக்குத் தெரியும்?"

"எனக்கும் இடுப்பு இருக்கு, பாஸ்டர்."

தீர்மானம் நிறைவேறியது. வயலின் பக்கம் ஏற்கத்தக்கது. ஊதுகுழல் பக்கம் விலக்கத்தக்கது. சிஸ்டர் மேப்ரி மளிகைப் பையின் பழுப்புக் காகிதத்தை வட்டமாக வெட்டி, மாவுப் பசை காய்ச்சி, ஒரு பக்கத்தின் நடுவில் இருந்த பெயர்ச்சீட்டை மூடி ஒட்டினார். உறையில் டுபோஸ் சிகரெட்டோடு நிற்கிறாராம். அதனால் உறை முழுவதையும் முன்னும் பின்னும் அதே காகிதத்தால் மூடித் தைத்துவிட்டார்.

பின்னும், ராஸ்கோ. பெயர்கள் இருக்கும் பக்கமும். ஊசி கடைசித் தையலைப் போட்டபோது நான் மே மாதத்திலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டேன்.

நிம்மதியாக இரு.

அக்கா,
ஆல்மீடா


டாலிவர்
1959 அக்டோபர் 6

ராஸ்கோ,

அப்பா உயிரோடும் திடத்தோடும் இருக்கிறார். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை கூடத்தில் நாற்பது பேர். வெள்ளைக் கையுறைகள், வெண்ணெய் கேக், என் கையில் தேநீர்க் கூஜா. அப்பா முன் வரிசையில், கேக் தட்டோடு. பாட்டுப்பெட்டியைக் கொண்டுவந்தவர் திரு. பர்விஸ். சிஸ்டர் மேப்ரி உள்ளே கேக்குக்குச் சர்க்கரைப் பாகு பூசிக்கொண்டிருந்தார். ஆகவே இசைத்தட்டை எடுத்துக் கொடுத்தவர் பாஸ்டர். இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் காகிதம், ஒன்றில் இல்லை. 'சிஸ்டர் மேப்ரி குறிச்சு வச்ச பக்கம்' என்று காகிதப் பக்கத்தை மேலே வைத்து நீட்டினார். திரு. பர்விஸ் அதை அப்படியே வாங்கி அப்படியே வைத்தார். அந்தத் தட்டுகளை நான்கு வாரம் மேசைக்கு அடியில் வைத்திருந்தவர் அவர். எந்தப் பக்கம் எது என்று அவருக்குத் தெரியாதா? இதை நான் அவரிடம் இன்னும் கேட்கவில்லை.

பதினேழு ஊதுகுழல்கள் ஒரே மூச்சில் வெடித்தன. சாஸர்கள் குதித்தன. சிஸ்டர் மேப்ரி பாகு வடியும் கத்தியோடு ஓடிவந்தார்.

"அது பாவப் பக்கம்! ஒட்டுன பக்கம் பாவப் பக்கம்!"

"ஒட்டுனதுன்னா தேர்ந்தெடுத்ததுன்னுல்ல நெனச்சேன்!" என்றார் பாஸ்டர்.

"மூடுறது எதுக்குப் பாஸ்டர்? காட்டுறதுக்கா?"

"அப்ப நிறுத்துங்க பர்விஸ்!"

"நடுவுல முள்ளத் தூக்குனா தட்டு கீறிப்போகும், பாஸ்டர். சிஸ்டரோட தட்டு."

சிஸ்டர் மேப்ரி ஒரு கணம் யோசித்தார். "கீற வேணாம்" என்றார்.

அப்படியாக நாங்கள் பாவத்தை உட்கார்ந்து கேட்டோம். மேசைத் துணிக்குக் கீழே பாஸ்டரின் காலணி தன் வழியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டு. டுபோஸ் பாடி நிறுத்தினார். பட்டாளம் முழுவதும் அடங்கியது. நீ தொடங்கினாய்.

நீ சொன்னது சரி. கேட்டதும் தெரிந்துவிட்டது. முதல் ஞாயிறுகளில் ஆராதனை தொடங்கும் முன், புத்தகமும் பியானோவும் இல்லாமல், அப்பா எழுந்து ஒற்றை வரியை எடுத்துவிடுவாரே, சுரத்துக்குக் கீழே ஆரம்பித்து இழுத்து இழுத்து மேலே கொண்டுபோய், மூச்சு முடிந்தது என்று நாம் நினைக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் நிற்பாரே, அது. சுரத்துக்குச் சுரம் அது. அவர் வரியை விட்டதும் சபை முழுதும் வாயை மூடிக்கொண்டு நீளமாக முனகிப் பதில் சொல்லும் அல்லவா? நாங்கள் பதில் சொல்லிவிட்டோம், ராஸ்கோ. யாரும் நினைத்துச் செய்யவில்லை. டீக்கன் கெய்தர் வரி எடுத்தால் நேபோ மலை பாப்டிஸ்ட் சபை பதில் சொல்லும், அவ்வளவுதான். நாற்பது பேரும் முனகினோம். எல்லோரையும்விடச் சத்தமாக, கண்ணை மூடி, கத்தியை உயர்த்திப் பிடித்தபடி சிஸ்டர் மேப்ரி.

உன் எட்டுக் கட்டம் முடிந்தது. ஊதுகுழல்கள் திரும்பி வந்தன. என்ன செய்துவிட்டோம் என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்பா கேக் தட்டைக் கீழே வைத்தார்.

"அது நாந்தானே?" என்றார்.

"நான் எப்ப இதப் பாடுனேன்?" என்றார். பிறகு அவரே, மெதுவாக, "ராஸ்கோ" என்றார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். வாசல் படியில் நின்று கேட்டார்.

"எத்தன வருஷமா அவன் தபாலாபீஸ்ல இல்ல?"

"ஆறு வருஷம்ப்பா."

"அவன் தூரத்துல ஒக்காந்து பொய் எழுதுனான். அது ஒரு மாதிரி. நீ என் மூஞ்சிக்கு முன்னால ஒக்காந்து படிச்ச."

"ஆமாம்ப்பா."

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இன்று காலை காபிப் பாத்திரத்திடம், 'கொதிச்சிருச்சுன்னு யாருகிட்டயாவது சொல்லு' என்றார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர் திட்டிய இரவு நான் ஆறு வருடத்தில் தூங்காத தூக்கம் தூங்கினேன்.

ஆல்மீடா


டாலிவர்
1959 அக்டோபர் 19

மகனே ராஸ்கோ ஓசியா,

இது ஒங்கப்பன் பேசுறது. எழுதுறது பர்விஸ். நான் சொல்றத ஒரு வார்த்தை கூட்டாமக் கொறைக்காம எழுதுன்னு சொல்லியிருக்கேன். நான் நல்லாருக்கேன். நீயும் நல்லாருக்கணும், இல்லாட்டி யாரத் திட்டுறது.

தபாலாபீச விட்டது முட்டாத்தனம். அத ஆறு வருஷம் சொல்லாதது அதவிட முட்டாத்தனம். சூப்பர்வைசர்னு எழுதுன பாரு, அதுக்கு நான் சபையில எந்திரிச்சு நின்னேன். அந்தக் கைதட்ட எங்க போயி திருப்பிக் குடுக்குறது?

ஒன் பாட்டப் பதினோரு தடவ கேட்டேன். (இருபத்தாறு தடவை. பர்விஸ்.) அந்தாளு பாடுறது எனக்கு வேணாம், ஒன் எட்டுக் கட்டத்த மட்டும் போடச் சொன்னேன். மூணாவது கட்டத்துல மூச்சு விட்டுருக்க. நான் அங்க மூச்சு விடமாட்டேன். அஞ்சாவதுலதான் விடுவேன். எழுவத்தோரு வயசுல நான் தாங்குறத நீ தாங்க மாட்டியா? அடுத்த தட்டுல சரி பண்ணு.

பேர வெட்டுவேன்னு சொல்லியிருந்தேன். டென்னி தையலப் பிரிச்சு அட்டையக் கொண்டாந்தா, பர்விஸ் படிச்சுக் காட்டுனான். அச்சடிச்சுட்டாங்களாமே. வெட்டுனா அட்டை வீணாப்போகும். இருக்கட்டும்.

ஒங்கக்கா மேல எனக்குக் கோவம். ஆனா நல்லாப் படிச்சா. அந்த ஃபிட்ச்ச உண்டாக்குனது யாரு, நீயா அவளா? டென்னி தெனமும் வந்து அந்தாளு காலு இப்ப எப்படி இருக்குங்கிறா. அப்படி ஒரு ஆளே இல்லடின்னேன். 'இல்லாட்டிப் போவுது, காலு எப்படி இருக்கு'ங்கிறா.

இனிமே ஒன் கடுதாசி ஒரே தாளா வரணும். ஞாயித்துக்கெழம பர்விஸ் படிப்பான். அவனுக்குக் குரல் கெடையாது. ஆனா எழுதியிருக்கிறத மட்டும் படிக்கிறான்.

ஒங்கப்பன்,
ஓசியா கெய்தர்

(திரு. ராஸ்கோ, டீக்கன் இருமப் போயிருக்கும் இடைவெளியில் இதைச் சேர்க்கிறேன். பிப்ரவரி மாதம் உங்கள் அக்காவிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். ரேடியோ ஒரு வாரம் முழுக்கப் பழுதில்லாமல் பாடட்டும், அன்று பதில் சொல்கிறேன் என்றார். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வால்வு தானாகக் குழியிலிருந்து ஏறி வெளியே வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவசரம் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான். பர்விஸ்.)


நியூயார்க்
1959 அக்டோபர் 28

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும், படிக்கும் திரு. பர்விஸுக்கும்,

நான் சுகம். காமாலை வந்ததே இல்லை. கஷாயம் வந்தது.

அப்பா, உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து மூன்றாம் கட்டத்தில் மூச்சு விடாமல் ஊதிப் பழகுகிறேன். நேற்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் எப்படித் தாங்குகிறீர்கள்? கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். நேரில் காட்டுங்கள். பொய்க்கு மன்னிப்பை இங்கே ஒரு வரியில் எழுத எனக்குத் தெரியவில்லை. அதையும் நேரில்.

சிஸ்டர் மேப்ரிக்கு: ஃபிட்ச்சின் காலைப் பற்றி அக்காவைத்தான் கேட்க வேண்டும். அவர் அக்காவுடைய ஆள்.

அக்கா, ஒரே தாள் என்று உத்தரவு. ஆகையால் எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன். ரேடியோ எப்படி இருக்கிறது? திரு. பர்விஸ், இந்த வரியைக் குரல் நடுங்காமல் படிக்கவும்.

ராஸ்கோ ஓசியா கெய்தர்


டாலிவர்
1959 நவம்பர் 8, ஞாயிறு

அன்புத் தம்பி,

எல்லோரும் நலம். அப்பா என்னோடு பேசத் தொடங்கிவிட்டார். முதல் வார்த்தை 'உப்பு'. சாப்பாட்டில் அது குறைவு என்றார்.

உன் கடிதத்தை இன்று திரு. பர்விஸ் படித்தார். மன்னிப்பு வரியில் அப்பா மூக்கைச் சிந்தினார், சளி என்றார். ரேடியோ வரியில் படிப்பது நின்றுவிட்டது.

"ஏம்ப்பா நிறுத்திட்ட? எழுத்து கலைஞ்சிருக்கா?" என்றார் அப்பா.

"இல்ல டீக்கன். தெளிவாத்தான் இருக்கு."

"அப்பப் படி. ரேடியோவுக்கு என்ன? மூணு வாரமாக் கழுத மாதிரிக் கத்திக்கிட்டுக் கெடக்கு."

சிஸ்டர் மேப்ரி என் முகத்தைப் பார்த்தார், பர்விஸின் முகத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சீக்கிரம் கிளம்பும் எண்ணம் அவருக்கு இல்லை என்று தெரிந்தது. நான் எல்லோருக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரம் வெட்டிக் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வா. கஷாயத்தைக் கொட்டிவிட்டேன் என்று எழுதிவிடாதே. சிஸ்டர் மேப்ரியும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அக்கா,
ஆல்மீடா


(இரண்டாம் தாள். உறைக்குள் வைக்கவில்லை.)

ராஸ்கோ,

ஒரே தாள் என்பது உனக்கு இட்ட உத்தரவு. எனக்கு யாரும் இடவில்லை. ஆனாலும் இதை அனுப்பப் போவதில்லை. கை பழகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் கண்ணுக்காகத்தான் இந்த வீட்டில் இருக்கிறேன் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டேன். பிறகு உன் கடிதத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். வேறு யாரும் அதைப் படிக்க முடியாதே. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த இரண்டு உண்மைகளுக்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொண்டிருந்தேன் என்பதும் உண்மை. நாற்பத்து நான்கு வயதில் ஒருவர் வந்து ஒரு கேள்வியைக் கேட்டால், பதினெட்டு வயதில் வராத பயம் வருகிறது. இழக்க ஒரு ஒழுங்கு இருக்கிறதே. என் அலமாரி, என் மௌனம், என் ஞாயிற்றுக்கிழமை. பழுது பார்க்க அவர் திரும்பத் திரும்ப வருவது எனக்குப் போதும் என்று இருந்தது.

இன்று அவர் உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டேன். குரல் நன்றாக இல்லைதான். ஃபிட்ச்சுக்கு அவரால் உயிர் கொடுக்க முடியாது. அப்பா அவரை இரண்டு இடத்தில் திருத்தினார், ஒரு இடத்தில் திட்டினார், பிறகு இன்னொரு முறை படிக்கச் சொன்னார். நான் இல்லாமலே அந்த வாசிப்பு நடந்தது. எனக்கு வலிக்கும் என்று எதிர்பார்த்து நின்றேன். வலிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் மூன்றாம் தெருவில் அவர் கடைக்குப் போகிறேன். பின்வாசல் வழியாக அல்ல. சம்மதம் என்று சொல்லப் போகிறேன். டிசம்பர் விடுமுறைக்குள் கல்யாணம். அவர் இங்கே வந்து இருக்க மாட்டார், நான் அங்கே போகிறேன், கடைக்கு மேலே உள்ள இரண்டு அறைகளுக்கு. லத்தீனை விட மாட்டேன். அப்பா மூன்று தெரு நடந்து வந்து சாப்பிடலாம், அல்லது முட்டை பொரிக்கக் கற்றுக்கொள்ளலாம். வேண்டுமென்றால் அவரை ஃபிட்ச்சைப் போல ஒரு கைத்தடி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக வார்த்தை கோத்துப் பார்த்தேன். எல்லா வாக்கியத்திலும் ஏதோ ஒரு சால்ஜாப்பு வந்து உட்கார்ந்தது. கடைசியில், முகத்தைப் பார்த்து உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இந்த வீட்டுக்கு அது புதுப் பழக்கம்.

பக்கத்து அறையில் அப்பா இருமுகிறார். பர்விஸுக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிவரை இது எனக்கு மட்டும்.